மருத்துவர்களின் வருமானத்தில் ஆண்–பெண் இடைவெளி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் ஒரு தனியார் மருத்துவமனையின் கணக்குப் பிரிவில், மருத்துவர்களுக்கு மாதந்தோறும் சேர வேண்டிய கட்டணத் தொகையைச் சரிபார்த்து அனுப்பும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள் நான். மருத்துவம் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர், ஹவுஸ்மேன் பயிற்சியை முடித்த இளம் மருத்துவர்கள், சில சமயம் மூத்த நிபுணர்கள்கூட ஒரே விதமான ஐயங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டதால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். மலேசியாவைப் பற்றிப் பேசுமிடத்தில் இங்குள்ள சட்டத்தையும் ஊதிய முறையையும் கட்டண விதியையும் சொல்கிறேன். பிற நாடுகளில் எடுக்கப்பட்ட கணக்குகளை அந்தந்த நாட்டின் பெயரோடு தருகிறேன். அவற்றை நம் நாட்டின் எண்களாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஊதிய இடைவெளி என்றால், ஒரே வேலைக்குப் பெண்ணுக்குக் குறைத்துக் கொடுக்கிறார்கள் என்றுதானே பொருள்?

இல்லை. ஒரே வேலையைச் செய்யும் இருவரில் ஒருவருக்குக் குறைவாகக் கொடுப்பது சமமற்ற ஊதியம். எல்லா ஆண் மருத்துவர்களின் சராசரி வருமானத்துக்கும் எல்லாப் பெண் மருத்துவர்களின் சராசரி வருமானத்துக்கும் உள்ள வேறுபாடு ஊதிய இடைவெளி. முன்னது அறவே இல்லாத இடத்திலும் பின்னது பெரிதாக இருக்கலாம். இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் பாதி விவாதங்கள் பயனின்றி முடிகின்றன.

இங்கிலாந்து அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் பேராசிரியர் ஜேன் டேக்கர் தலைமையில் ஒரு குழு ஆராய்ந்து 2020 டிசம்பரில் அறிக்கை வெளியிட்டது. மருத்துவமனை மருத்துவர்களிடையே மொத்த வருமான இடைவெளி 24.4 விழுக்காடு, பகுதி நேரமாக வேலை செய்வோரின் கணக்கை முழு நேரத்துக்கு ஈடாக மாற்றிப் பார்த்தபோது அது 18.9 விழுக்காடாகக் குறைந்தது. குடும்ப மருத்துவர்களிடையே 33.5 விழுக்காடு 15.3 ஆயிற்று. வேலை நேரம் காரணத்தில் ஒரு பகுதி என்பதையும், அதைக் கழித்த பிறகும் கணிசமாக எஞ்சுகிறது என்பதையும் இந்த எண்கள் ஒருங்கே காட்டுகின்றன.

மருத்துவர்கள் எல்லாருமே நன்றாகச் சம்பாதிப்பவர்கள். அவர்களுக்குள் யாருக்குக் கூட, யாருக்குக் குறைவு என்று பேசுவது அவசியமா?

சுகாதாரத் துறை முழுவதிலும் இந்த இடைவெளி உண்டு. உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனமும் 2022-இல் இணைந்து வெளியிட்ட அறிக்கை, இத்துறையில் வேலை செய்யும் பெண்கள் ஆண்களைவிட ஏறத்தாழ 24 விழுக்காடு குறைவாகப் பெறுகிறார்கள் என்கிறது. இத்துறையின் பணியாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள். மருத்துவர்களை மட்டும் தனியே பார்ப்பதில் ஒரு நன்மை இருக்கிறது. அனைவருக்கும் படிப்பு ஒன்று, பதிவு ஒன்று, பயிற்சி ஒன்று. ஆகவே ‘படிப்பு போதாது’ என்ற வழக்கமான விளக்கம் இங்கே செல்லாது.

அரசாங்க மருத்துவமனையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம்தானே? அங்கே இடைவெளி எங்கிருந்து வரும்?

அடிப்படைச் சம்பளம் ஒன்றுதான். மலேசிய அரசாங்கச் சேவையில் பெண்களுக்கென்று குறைந்த ஊதிய அளவு இருந்த காலம் ஒன்று உண்டு. சம ஊதியக் கொள்கை 1969-இல் நடைமுறைக்கு வந்தபின் அது மறைந்தது. இன்று யூ.டி. என்று தொடங்கும் மருத்துவ அதிகாரிகளின் தகுதிநிலைகளிலும் சரி, 2024 டிசம்பர் 1 முதல் நடப்புக்கு வந்த புதிய பொதுச் சேவை ஊதிய முறையிலும் சரி, ஆண் பெண் என்ற பாகுபாடு எங்கும் இல்லை.

ஆனால் சம்பளச் சீட்டில் அடிப்படைச் சம்பளம் ஒரு வரி மட்டுமே. அதற்குக் கீழே, வேலை நேரத்துக்கு வெளியே அழைப்புக்குக் காத்திருந்து வேலை செய்வதற்கான ஆன்-கால் அலவன்ஸ் வரும்; நிபுணரானவருக்கு அதற்குரிய அலவன்ஸ் வரும்; பணி மூப்பும் பதவியும் கூடக் கூட ஜூசா எனப்படும் உயர்நிலைப் பதவிகள் வரை வழி திறக்கும். இவை ஒவ்வொன்றும் ‘எப்போது’ என்ற கேள்வியைச் சார்ந்தவை. நிபுணராவதற்கான முதுநிலைப் படிப்பு நான்கு ஆண்டுகள் நீடிக்கிறது. அதில் சேரும் வயதும் பிள்ளை பெறும் வயதும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைகின்றன. சேர்வதை ஒருவர் மூன்று ஆண்டுகள் தள்ளிப்போட்டால் அலவன்ஸ், பதவி உயர்வு, பின்னாளில் தனியார் துறைக்கு மாறும் வாய்ப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தே தள்ளிப்போகின்றன.

இங்கிலாந்தின் மருத்துவமனை மருத்துவர்களுக்கும் நாடு தழுவிய ஒரே ஊதிய அட்டவணைதான். முதல் கேள்வியின் பதிலில் சொன்ன 18.9 விழுக்காடு அந்த அட்டவணைக்குள்ளேயே உண்டானது. மூத்த பதவிகளில் ஆண்கள் மிகுதியாக இருப்பதும், பகுதி நேரப் பணியில் இருப்போர் அட்டவணையின் படிகளை மெதுவாக ஏறுவதும், அடிப்படைச் சம்பளத்துக்கு மேல் தரப்படும் கூடுதல் தொகைகளும் அங்கே காரணங்களாகக் கண்டறியப்பட்டன.

இப்போது மருத்துவக் கல்லூரிகளில் பெண்பிள்ளைகள்தான் அதிகம். இன்னும் இருபது வருஷத்தில் இது தானாகச் சரியாகிவிடாதா?

மூத்த தலைமுறையில் ஆண்கள் அதிகம் என்பதால் உண்டாகும் பகுதி காலப்போக்கில் குறையும். எஞ்சிய பகுதி தானாகக் குறையும் என்று நம்புவதற்குச் சான்று இல்லை; எதிரான சான்று உண்டு. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பயிற்சியை அப்போதுதான் முடித்து முதல் வேலைக்குச் சென்ற மருத்துவர்களின் தொடக்கச் சம்பளத்தை ஆராய்ந்தபோது, துறை, வேலை நேரம் முதலியவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும் 1999-இல் ஏறத்தாழ 3,600 டாலராக இருந்த இடைவெளி 2008-இல் 16,819 டாலராக வளர்ந்திருந்தது. இவர்கள் அனைவரும் புதியவர்கள். மூத்த தலைமுறையின் மிச்சம் என்று இதைச் சொல்ல முடியாது.

தனியார் மருத்துவமனையில் நிபுணர்களுக்குச் சம்பளத்தை யார் முடிவு செய்கிறார்கள்?

பெரும்பாலோருக்குச் சம்பளமே கிடையாது. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் தனியார் மருத்துவமனைகளின் நிபுணர்களில் பெரும்பாலோர் அம்மருத்துவமனையின் ஊழியர்கள் அல்லர்; அங்கே அறை எடுத்துத் தொழில் நடத்தும் சுயதொழிலர்கள். நோயாளி செலுத்தும் தொகையில் மருத்துவரின் கட்டணத்தை மருத்துவமனை வாங்கி வைத்து, அறை வாடகை, நிர்வாகச் செலவு போன்றவற்றைக் கழித்துக்கொண்டு மாத இறுதியில் அவருக்குச் சேர்ப்பிக்கும். அவசரப் பிரிவில் முறைவைத்து வேலை செய்யும் மருத்துவர்கள் மாதச் சம்பளம் பெறுவது உண்டு.

கட்டணத்தின் உச்ச அளவைத் தனியார் சுகாதார வசதிகள் பற்றிய 2006-ஆம் ஆண்டு விதிமுறைகளின் 13-ஆம் அட்டவணை வரையறுக்கிறது. 2013-இல் அது திருத்தப்பட்டது. ஒவ்வொரு அறுவைச் சிகிச்சைக்கும் ஒவ்வொரு ஆலோசனைக்கும் அதில் அளவு உண்டு. மருத்துவர் ஆணா பெண்ணா என்று அந்த அட்டவணை கேட்பதில்லை.

கட்டணமே சட்டத்தில் எழுதியிருக்கும்போது, ஒரே துறையில் இருக்கும் இரண்டு நிபுணர்களின் வருமானம் எப்படி மாறும்?

நான் வேலையில் இருந்த காலம் முழுவதும் என் மேசைக்கு வந்த தாள்கள் இந்தக் கேள்விக்கான பதிலாகவே இருந்தன. கட்டணம் என்பது ஒரு செயலின் விலை. ஒருவருடைய மாத வருமானமோ, எந்தச் செயல்கள் எத்தனை முறை அவரிடம் வந்தன என்பதன் கூட்டுத்தொகை. ஒரு மருத்துவரின் பட்டியல் பெரும்பாலும் ஆலோசனைக் கட்டணங்களாலும் மறுபரிசோதனைகளாலும் நிறைந்திருக்கும். அதே துறையில் இன்னொருவரின் பட்டியலில் வரிகள் குறைவாகவும், ஒவ்வொரு வரியும் பெரிய அறுவைச் சிகிச்சையாகவும் இருக்கும். இருவரும் மாலையில் ஒரே நேரத்தில்தான் வாகன நிறுத்துமிடத்துக்குப் போவார்கள்.

கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் இது துல்லியமாக அளக்கப்பட்டிருக்கிறது. அங்கே அரசுக் காப்புறுதி ஒன்றே எல்லா அறுவை மருத்துவர்களுக்கும் ஒரே அட்டவணைப்படி பணம் தருகிறது. 2019-இல் வெளியான ஆய்வின்படி, அறுவை அரங்கில் செலவிட்ட ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பெண்கள் ஆண்களைவிட 24 விழுக்காடு குறைவாக ஈட்டினார்கள். பெண்கள் மெதுவாக அறுவை செய்கிறார்கள் என்று உடனே சொல்லத் தோன்றும். ஆய்வாளர்கள் அதையும் பார்த்தார்கள். ஒரே வகை அறுவைக்கு இரு பாலாரும் எடுத்துக்கொண்ட நேரத்தில் வேறுபாடு இல்லை. மணிக்கு அதிக வருமானம் தரும் அறுவைகள் பெண்களிடம் குறைவாக வந்தன என்பதே வேறுபாடு.

அவை ஏன் குறைவாக வந்தன? அறுவை மருத்துவரிடம் நோயாளி தானாக வருவது குறைவு. இன்னொரு மருத்துவர் அனுப்பியே வருகிறார். அதே மாநிலத்தின் பரிந்துரைகளை ஆராய்ந்து 2021-இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஆண் மருத்துவர்கள் எழுதிய பரிந்துரைகளில் ஏறத்தாழ 87 விழுக்காடு ஆண் அறுவை மருத்துவர்களுக்கும், பெண் மருத்துவர்கள் எழுதியவற்றில் ஏறத்தாழ 79 விழுக்காடு ஆண்களுக்கும் சென்றன. நம் ஊரிலும் பட்டர்வொர்த்தில் கிளினிக் வைத்திருக்கும் மருத்துவர் தம்முடன் படித்த நண்பரின் பெயரை எழுதித் தருகிறார்; இந்தோனேசியாவின் மேடானிலிருந்து சிகிச்சைக்கு வருவோர் முன்பு வந்து போன உறவினர் சொன்ன பெயரைக் கேட்டு வருகிறார்கள். இதில் யாரும் யாரையும் வஞ்சிக்கவில்லை. பழகிய பெயர்கள் பழகிய வழியிலேயே போய்ச் சேருகின்றன. அந்தப் பெயர்களில் ஆண்கள் மிகுதி.

பெண் மருத்துவர்கள் ஒரு நாளைக்குக் குறைவான நோயாளிகளைத்தான் பார்க்கிறார்கள். குறைவாகப் பார்த்தால் குறைவாகத்தானே வரும்? இதில் என்ன அநியாயம்?

முதல் வாக்கியம் உண்மை. இரண்டாவதும் நடப்பு விதிப்படி உண்மை. அமெரிக்காவில் 2017-ஆம் ஆண்டின் 2 கோடியே 44 லட்சம் முதல்நிலைச் சிகிச்சைச் சந்திப்புகளை ஆராய்ந்த கணக்கு ஒன்று உண்டு. பெண் மருத்துவர்கள் ஆண்டில் 10.8 விழுக்காடு குறைவான சந்திப்புகளை நடத்தினார்கள். அவற்றிலிருந்து வந்த வருவாயும் 10.9 விழுக்காடு குறைந்தது. ஆனால் ஒவ்வொரு நோயாளியிடமும் அவர்கள் 15.7 விழுக்காடு கூடுதல் நேரம் செலவிட்டார்கள். ஆண்டு முழுவதையும் கூட்டினால், நோயாளிகளோடு அவர்கள் இருந்த மொத்த நேரம் ஆண்களைவிட 2.6 விழுக்காடு அதிகம்.

ஆகவே குறைவாக வேலை செய்ததால் குறைவாக வந்தது என்பது சரியல்ல. செய்த வேலை, நேரத்தால் அளக்கப்படவில்லை; நோயாளிகளின் தலைக்கணக்கால் அளக்கப்பட்டது. நம் நாட்டில் குடும்ப மருத்துவரின் ஆலோசனைக் கட்டணம் 2006 விதிமுறைகளில் 10 முதல் 35 ரிங்கிட் வரை என்று வரையறுக்கப்பட்டு, நெடுங்காலம் மாறாமல் கிடந்தது. காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டு வந்தவர், பேச்சின் முடிவில் வீட்டில் அடி விழுவதைச் சொல்லத் தொடங்கினால், அந்தக் கூடுதல் இருபது நிமிடத்துக்கு மருத்துவமனைப் பட்டியலில் தனி வரி கிடையாது.

அப்படிக் கூடுதல் நேரம் கொடுப்பதால் நோயாளிக்கு ஏதாவது நன்மை இருக்கிறதா?

அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்ட உள்நோயாளிகளைப் பற்றி 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, பெண் மருத்துவரின் பொறுப்பில் இருந்தவர்களில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 11.07 விழுக்காடு, ஆண் மருத்துவரின் பொறுப்பில் இருந்தவர்களில் 11.49 விழுக்காடு என்றது. வேறுபாடு சிறியது, நோயாளிகளின் தொகை பெரியது என்பதால் பொருளற்றதும் அன்று. கூடுதல் நேரமே இதற்குக் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. பெண் மருத்துவரிடம் போனால் பிழைத்துக்கொள்ளலாம் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது எழுதினால் நம்ப வேண்டாம். குறைவாக ஈட்டுவோர் தரக்குறைவாகச் செய்கிறார்கள் என்ற வாதத்துக்கு இடமில்லை என்ற அளவுக்கு மட்டும் இதை எடுத்துக்கொள்ளலாம்.

பெண்கள் குழந்தை மருத்துவம், குடும்ப மருத்துவம் என்று வருமானம் குறைந்த துறைகளைத் தாங்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்கு யார் என்ன செய்ய முடியும்?

துறைத் தேர்வு இடைவெளியின் ஒரு பகுதியை விளக்குகிறது, முழுவதையும் விளக்கவில்லை. அமெரிக்காவின் 24 அரசு மருத்துவக் கல்லூரிகளில் பணிபுரிந்த 10,241 மருத்துவர்களின் சம்பளத்தை ஆராய்ந்து 2016-இல் வெளியான கணக்கில், மொத்த இடைவெளி ஆண்டுக்கு 51,315 டாலர். வயது, அனுபவம், துறை, பதவி, ஆய்வு வெளியீடுகள் முதலிய அனைத்தையும் கழித்த பிறகும் 19,878 டாலர் எஞ்சியது. ஒரே துறையில், ஒரே பதவியில் இருப்பவர்களுக்குள் எஞ்சியது இது.

‘தாங்களே’ என்ற சொல்லையும் சற்று நின்று பார்க்க வேண்டும். எலும்பு அறுவைத் துறையில் சேர விரும்பிய பெண்ணிடம் நேர்முகத்தில் திருமணத் திட்டம் கேட்கப்படுகிறது. அவளுடன் போன ஆணிடம் கேட்கப்படுவதில்லை. சபாவுக்கோ சரவாக்குக்கோ பணிமாற்றம் வந்தால் மகனை அனுப்பி வைக்கும் அதே பெற்றோர், மகளை ‘இங்கேயே ஏதாவது பார்’ என்கிறார்கள். இரவு ஆன்-கால் முடித்து வரும் மருமகனுக்குச் சாப்பாடு மேசையில் இருக்கும். மருமகளுக்கு அடுப்படியில் வேலை இருக்கும். இத்தனைக்கும் பிறகு எஞ்சியதிலிருந்து ஒருத்தி எடுப்பதைத்தான் தேர்வு என்கிறோம்.

நம் பெண்கள் பெண் மருத்துவரைத்தான் தேடிப் போகிறார்கள். மகப்பேறு மருத்துவத்தில் பெண்களுக்கு அதுவே பெரிய சாதகம் இல்லையா?

நோயாளிகளின் எண்ணிக்கையில் சாதகம்தான். பெண் மகப்பேறு நிபுணரின் அறைக்கு வெளியே நாற்காலி போதாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அப்படி வருவோரில் பலர் ஆலோசனைக்கும் பரிசோதனைக்கும் வருபவர்கள். எந்தச் செயல் யாரிடம் வருகிறது என்று மேலே சொன்னது இங்கும் பொருந்துகிறது. நாள் முழுவதும் நோயாளிகளால் நிறைகிறது. அறுவை அரங்குக்கு நேரம் மிஞ்சுவதில்லை.

தேடி வருவது எவ்வளவு நிலையானது என்பதும் முக்கியம். அமெரிக்காவின் அரசுக் காப்புறுதிப் பதிவுகளை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் ஹெதர் சார்சன்ஸ், ஒரு நோயாளி எதிர்பாராமல் இறந்த பிறகு பெண் அறுவை மருத்துவருக்கு வரும் பரிந்துரைகள், அதே நிலையில் உள்ள ஆணுக்குக் குறைவதைவிட அதிகமாகக் குறைகின்றன என்று கண்டார். மற்றப் பெண் அறுவை மருத்துவர்களுக்கும் அதன் நிழல் விழுந்தது. ஆணின் தவறு அவருடையதாக மட்டும் நின்றது.

லோக்கம் வேலையில், அதாவது இன்னொரு மருத்துவருக்குப் பதிலாகத் தற்காலிகமாகப் பார்க்கும் வேலையில், மணிக்கு இவ்வளவு என்று ஒரே விகிதம்தானே?

ஒரே கிளினிக்கில், ஒரே நேரத்துக்கு, ஆம். கூடுதல் பணம் தரும் நேரங்கள் இரவும் வார இறுதியும் பெருநாள் விடுமுறையும். அந்த நேரங்களை யாரால் எடுக்க முடிகிறது என்பதில்தான் வேறுபாடு.

எல்லாவற்றுக்கும் குழந்தைதான் காரணம் என்கிறார்கள். ஆண் மருத்துவர்களுக்கும் குழந்தைகள் உண்டே?

உண்டு, அதனால்தான் குழந்தை என்ற பதில் போதாது. 2023-இல் பொருளாதாரத்துக்கான நோபெல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின் நெடுங்காலம் ஆராய்ந்தது இதைத்தான். சில தொழில்களில், நீண்ட நேரமும் எந்த வேளையிலும் அழைத்தால் வருவதும் அளவுக்கு மிஞ்சி வெகுமதி பெறுகின்றன. வீட்டில் இருவரும் அப்படிப்பட்ட தொழிலில் இருந்தால் ஒருவர் பின்வாங்கியே ஆக வேண்டும். பின்வாங்குவது பெரும்பாலும் மனைவி. அமெரிக்க மருந்தாளர்களிடையே இடைவெளி சிறியது என்று அவர் காட்டினார். அங்கே ஒரு மருந்தாளரின் இடத்தில் இன்னொருவர் எளிதாக நிற்கலாம். நோயாளியின் முழு விவரமும் கணினியில் இருக்கிறது. ஆகவே பாதி நேரம் வேலை செய்தவருக்குப் பாதிச் சம்பளம் வருகிறது, பாதிக்கும் குறைவாக அல்ல.

மருத்துவத்தில் இதே வேறுபாட்டைத் துறைகளுக்குள் பார்க்கலாம். ‘என் நோயாளி, நானே வருவேன்’ என்று நடக்கும் துறையில் இரவு பிள்ளையோடு இருப்பவருக்கு இழப்பு அதிகம். குழுவாக முறைவைத்துப் பார்க்கும் மயக்க மருத்துவம், அவசர சிகிச்சை போன்றவற்றில் குறைவு. இழப்பு எப்போது உண்டாகிறது என்பதற்கும் கணக்கு உண்டு. 80,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க மருத்துவர்களின் வருமானத்தை வைத்து 2021-இல் வெளியான மதிப்பீட்டின்படி, 40 ஆண்டுத் தொழில் வாழ்க்கையில் பெண் மருத்துவர் சராசரியாக ஏறத்தாழ 20 லட்சம் டாலர் குறைவாக ஈட்டுகிறார். இடைவெளி முதல் பத்து ஆண்டுகளில் விரிகிறது. பிள்ளைகள் வளர்ந்த பிறகும் மூடுவதில்லை.

தனியார் மருத்துவமனையில் சேரும் என் மகளுக்கு 98 நாள் பிரசவ விடுப்பு கிடைக்குமா?

அவர் ஊழியராகச் சேர்கிறாரா, அறை எடுக்கும் நிபுணராகச் சேர்கிறாரா என்பதைப் பொறுத்தது. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்து, பிரசவ விடுப்பை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்த்தியது. தந்தைக்கு 7 நாள் விடுப்பையும் தந்தது. தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் வேலை ஒப்பந்தத்தின் கீழ் இருப்போருக்கு, சம்பளம் எவ்வளவாக இருந்தாலும், இந்த விடுப்பு உரியது. அரசாங்க மருத்துவர்களுக்கு இச்சட்டம் பொருந்தாது. பொதுச் சேவைத் துறையின் விதிகள் பொருந்தும்.

சுயதொழிலராகச் சேரும் நிபுணருக்கு இவற்றில் எதுவும் இல்லை. பிரசவத்துக்குப் போன மாதங்களில் கட்டணப் பட்டியலில் பதிவு இராது; பதிவு இல்லையென்றால் வருமானம் இல்லை. ஒப்பந்தத்தில் விலக்கு எழுதப்படாவிட்டால் அறை வாடகை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். முதலாளியின் பங்காக ஊழியர் சேம நிதிக்கு வர வேண்டிய 12 அல்லது 13 விழுக்காடும் எந்த மாதத்திலும் வராது. ‘தனியாரில் காசு கொட்டும்’ என்று கேட்டு வருவோர் அரசாங்கச் சம்பளத்தோடு ஒப்பிடும்போது இவற்றைக் கழித்துவிட்டு ஒப்பிட வேண்டும்.

நானும் என் கணவரும் சேர்ந்து கிளினிக் நடத்துகிறோம். வருமானம் எல்லாம் ஒரே பையில்தான் போகிறது. எங்களுக்குள் என்ன இடைவெளி?

கேட்டவர் சிரித்துக்கொண்டே கேட்டார். ஆனால் எளிய கேள்வி அன்று. கிளினிக் கணவரின் பெயரில் பதிவாகி, மனைவி சம்பளம் எடுக்காமல் பாதி நோயாளிகளைப் பார்த்து வருவது நம் குடும்பங்களில் அரிதன்று. வீட்டுக்குள் பை ஒன்றாக இருக்கலாம். வங்கிக்கும் சேம நிதிக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும் பைகள் இரண்டு. மனைவியின் சேம நிதிக் கணக்கில் ஒன்றும் சேராது. அவர் பெயரில் வீட்டுக் கடன் கேட்டால் காட்ட வருமானப் பதிவு இராது. நோயால் வேலை செய்ய முடியாமல் போனால் இழந்த வருமானத்துக்கு ஈடு கேட்க, அந்த வருமானம் எங்கும் எழுதப்பட்டிருக்காது. கணவர் திடீரென இறந்தால் கிளினிக் யாருடையது என்பது தனி வழக்கு.

பங்குதாரர்களாகவோ, நிறுவனத்தின் இரு இயக்குநர்களாகவோ பதிவு செய்து, இருவருக்கும் சம்பளம் எழுதுவதே சரியான வழி என்பது என் கருத்து. எப்படிப் பிரிப்பது என்று கணக்காளரிடம் கேளுங்கள். மாமனாரிடம் கேட்க வேண்டாம்.

பெண்களுக்குப் பேரம் பேசத் தெரியாது, அதனால்தான் என்கிறாரே எங்கள் மருத்துவர்?

சம்பள அட்டவணையில் பேரத்துக்கு இடமில்லை; கட்டண அட்டவணையிலும் மிகக் குறைவு. பேரம் நடப்பது வேறிடங்களில்: புதிய நிபுணருக்கு முதல் சில மாதங்கள் மருத்துவமனை உறுதி செய்யும் குறைந்தபட்ச வருமானம், வாடகைச் சலுகை, அறுவை அரங்கில் கிடைக்கும் நாள்கள். இவற்றைக் கேட்கலாம் என்பதே பல புதியவர்களுக்குத் தெரிவதில்லை. ஆண்களுக்கு மூத்த நண்பர்கள் கோப்பிக் கடையில் சொல்லிவிடுகிறார்கள். ஆகவே இது நாக்கின் குறை அன்று, செய்தி போய்ச் சேராத குறை. அழுத்திக் கேட்ட பெண்ணை ‘கொஞ்சம் கஷ்டமான ஆள்’ என்று குறித்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. அதே அழுத்தத்தோடு கேட்ட ஆண் விவரமானவர் ஆகிவிடுகிறார்.

இவ்வளவு இருக்கிறதென்றால் மகளை மருத்துவம் படிக்க வைப்பதே நஷ்டமா?

இல்லை. இடைவெளி பெண் மருத்துவரை ஆண் மருத்துவரோடு ஒப்பிடுகிறது. மருத்துவம் படித்த மகளைப் படிக்காத மகளோடு ஒப்பிடவில்லை. தனியார் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடன் வாங்கும் குடும்பம் கவலைப்பட வேண்டியது வேறொன்று: 2016 டிசம்பர் முதல் புதிய மருத்துவர்கள் ஒப்பந்த அடிப்படையில் நியமிக்கப்படுகிறார்கள், நிரந்தரப் பதவி எல்லாருக்கும் கிடைப்பதில்லை. 2021 ஜூலை 26-இல் ஒப்பந்த மருத்துவர்கள் நாடு முழுவதும் வெளிநடப்புச் செய்தது இதற்காகத்தான். அது ஆண் பெண் இருவருக்கும் பொதுவான சிக்கல். ஆனால் நிரந்தரம் தள்ளிப்போனால் நிபுணத்துவப் படிப்பும் தள்ளிப்போகும், அப்போது முன்பு சொன்ன வயதுக் கணக்கு பெண்ணையே முதலில் பிடிக்கும்.

பாகுபாடு நடந்தால் சட்டப்படி புகார் செய்ய வழி உண்டா?

உண்டு, யார் என்பதைப் பொறுத்து வழி மாறும். அரசமைப்புச் சட்டத்தின் 8(2) பிரிவில் ‘பால்’ என்ற அடிப்படை 2001-இல் சேர்க்கப்பட்டது. கர்ப்பமாக இருப்பதைக் காரணம் காட்டித் தற்காலிக ஆசிரியை ஒருவரின் நியமனத்தை மீட்டுக்கொண்டது இப்பிரிவுக்கு முரண் என்று 2011-இல் ஷா ஆலாம் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் இந்தப் பாதுகாப்பு அரசின் செயல்களுக்கு எதிரானது மட்டுமே; தனியார் முதலாளிக்கு எதிராக இதைப் பயன்படுத்த முடியாது என்பதை, கர்ப்பமானதும் பதவி விலகச் சொல்லப்பட்ட விமானப் பணிப்பெண்ணின் வழக்கில் 2005-இல் கூட்டரசு நீதிமன்றம் முடிவு செய்தது.

தனியார் ஊழியருக்கு 2023 முதல் வேறு வழி பிறந்திருக்கிறது. வேலைவாய்ப்புச் சட்டத்தின் 69எஃப் பிரிவின்படி, வேலையில் பாகுபாடு பற்றிய தகராற்றைத் தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநர் விசாரித்து ஆணை பிறப்பிக்கலாம். ஆணையை மீறும் முதலாளிக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம். சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் கோரும் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனத்தின் 100-ஆம் உடன்படிக்கையையும் மலேசியா 1997-இல் ஏற்றிருக்கிறது. சுயதொழிலராக இருக்கும் நிபுணரோ, பிரசவ விடுப்பைப் போலவே இங்கும் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார். பரிந்துரைகள் தமக்கு வரவில்லை என்று அவர் யார்மீது வழக்குப் போடுவார்?

அப்படியானால் மருத்துவமனைதான் என்ன செய்ய முடியும்? நோயாளியை இவரிடம் போ என்று கட்டாயப்படுத்த முடியாதே?

கட்டாயப்படுத்த வேண்டியதில்லை; கணக்கை வெளியே காட்டினாலே போதும் என்ற இடங்கள் உண்டு. பிரிட்டனில் 250 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனங்கள் 2017 முதல் தங்கள் ஆண்–பெண் ஊதிய இடைவெளியை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். மருத்துவமனைகளும் இதில் அடக்கம். நம் தனியார் மருத்துவமனைகளில் பெயர் சொல்லி வராத நோயாளிகள் பலர். அவசரப் பிரிவின் வழியாகவும் தொலைபேசி முகப்பின் வழியாகவும் அவர்கள் வருகிறார்கள். அவர்களை யாரிடம் அனுப்புவது என்பதை மருத்துவமனை ஊழியர்தான் முடிவு செய்கிறார். ஒரு முறைவரிசை வைத்து அதன்படி அனுப்பலாம். அறுவை அரங்கின் காலை நேரங்கள் யார் யாருக்கு எத்தனை என்பதை மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்லா நிபுணர்களுக்கும் அனுப்பலாம். இதற்கெல்லாம் வேண்டிய எண்கள் கணக்குப் பிரிவில் ஏற்கெனவே இருக்கின்றன.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் நான் என்னதான் கேட்க வேண்டும்?

வாடகையும் நிர்வாகக் கழிவும் எவ்வளவு என்பதை எல்லாரும் கேட்பார்கள். நீங்கள் கூடுதலாகக் கேட்க வேண்டியவை சில. உறுதி செய்யப்பட்ட வருமானம் எத்தனை மாதங்களுக்கு, அது பின்னர் திருப்பித் தர வேண்டிய முன்பணமா? அவசரப் பிரிவு நோயாளிகள் எந்த முறையில் பகிரப்படுகிறார்கள், அந்த முறை எழுத்தில் இருக்கிறதா? அறுவை அரங்கில் எந்த நாள், எந்த நேரம் உங்களுடையது, நீங்கள் வராத வாரம் அது யாருக்குப் போகும்? பிரசவத்துக்கோ நோய்க்கோ நீண்ட விடுப்பு எடுத்தால் வாடகை நிற்குமா, திரும்பி வந்ததும் அந்த அரங்க நேரம் உங்களுக்கே கிடைக்குமா?

கடைசிக் கேள்விக்கு ‘அதெல்லாம் அப்போது பார்த்துக்கொள்ளலாம் டாக்டர்’ என்று பதில் வந்தால், அந்த வாக்கியத்தையே மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டார்கள். ஆனால் பெரும்பாலும் ஒரு புதிய விதியை ஒப்பந்தத்தில் சேர்க்க முன்வருவார்கள்.